எங்கள் காயங்களுக்கும் அமினோ அமிலங்களுக்கும் என்ன தொடர்பு?

வன்னியில் சிறிய நகரம் ஒன்றிலுள்ள பாமசியில் நான் மருந்தாளராக வேலை செய்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஓர் அண்ணை ஊன்றுகோலுடன் கடைக்கு வருவார். 2009 ஏப்ரலில் இடது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். வைத்தியர் எழுதிய துண்டை நீட்டுவார். அதில் பெரும்பாலும் ஒரே மருந்துதான் இருக்கும்: பிரிகாபலின்.

கடையில் ஆட்கள் இல்லாத ஒருநாள் அவர் கேட்டார்: "பிள்ளை, இல்லாத கால் நோகுது எண்டு சொன்னால் வீட்டில சிரிக்கினம். இந்தக் குளிசை அந்தக் காலுக்கோ, இல்லாட்டி என்ர மண்டைக்கோ?"

பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் வீட்டிலும் பதில் கிடைக்காத ஒரு கேள்வி இருக்கிறது. 2009 மார்ச்சில் எங்கள் தறப்பாள் கொட்டிலுக்கு அருகே விழுந்த எறிகணையில் என் அத்தானின் தொடையில் காயம். அம்மா தனது சேலையைக் கிழித்துக் கட்டினார். குருதி நின்றது. சிறிது நேரத்தில் மீண்டும் கசியத் தொடங்கியது. விடியுமுன்னரே அத்தான் போய்விட்டார். அன்று முதல் இன்றுவரை அம்மா சொல்வது ஒன்றுதான்: "நான் இறுக்கிக் கட்டேல்லை."

எனக்கு அப்போது பதினேழு வயது. இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன். பின்னர் மருந்தாளராகப் படித்தபோதுதான் அந்த அண்ணையின் குளிசைக்கும், அத்தானின் குருதிப்பெருக்குக்கு இன்று கொடுக்கக்கூடிய ஊசி மருந்துக்கும் நெருங்கிய உறவு இருப்பதை அறிந்தேன். இரண்டுமே இயற்கையான அமினோ அமிலம் ஒன்றைப் பார்த்து, அதன் வடிவத்தில் சிறு மாற்றம் செய்து, மனிதர் செயற்கையாக ஆக்கிய பொருட்கள். எமது மக்களில் ஏராளமானோரின் உடலுக்குள் போகும் இந்த மருந்துகள் எப்படி உருவாகின, என்ன செய்கின்றன, என்ன செய்யமாட்டா என்பதை இயன்றவரை எளிமையாக இங்கே எழுதுகிறேன்.

அமினோ அமிலம் என்பது என்ன?

எங்கள் தசை, தோல், குருதியிலுள்ள பெரும்பாலான செயலிகள் எல்லாம் புரதங்களால் ஆனவை. புரதத்தை ஒரு மணிமாலை என்று வைத்துக்கொண்டால், அதன் ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். எமது உடலின் புரதங்கள் அடிப்படையில் 20 வகை அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் நைதரசனைக் கொண்ட அமினோ கூட்டம் ஒன்றும், அமிலத்தன்மையுள்ள காபொட்சிலிக் கூட்டம் ஒன்றும் இருக்கும். பக்கத்தில் தொங்கும் பகுதிதான் ஒன்றுக்கொன்று வேறுபடும். சில மணிகள் மட்டும் சேர்ந்த குறுகிய மாலையைப் பெப்ரைட்டு என்கிறோம்.

இவற்றில் லைசின் என்ற அமினோ அமிலத்தை எங்கள் உடலால் ஆக்க முடியாது. உணவிலிருந்துதான் கிடைக்கவேண்டும். சோற்றில் அது குறைவு, பருப்பில் அதிகம். சோறும் பருப்பும் சேர்த்து உண்ணும் எங்கள் பழக்கத்தில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

அமினோ அமிலங்களுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. கிளைசின் தவிர்ந்த ஏனையவை இடக்கையும் வலக்கையும் போல இரு ஆடி விம்ப வடிவங்களில் இருக்கலாம். உயிர்களின் புரதங்கள் அவற்றில் ஒரு வடிவத்தை மட்டுமே பயன்படுத்துகின்றன. இடக்காலுக்கான செருப்பு வலக்காலில் பொருந்தாததுபோல, மற்ற வடிவத்தை உடலின் நொதியங்கள் இலகுவில் பற்றிக்கொள்ளா.

மருந்து வடிவமைப்பவர் இந்த இடத்தில்தான் தொடங்குகிறார். உடல் அடையாளம் காணும் பகுதி எது? அதைத் தொடாமல் விடவேண்டும். உடல் விரைவாக உடைத்துவிடும் பகுதி எது? அதை மாற்றவேண்டும். போகவேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேருமா? சேராவிட்டால் வழி செய்யவேண்டும். இந்தத் துறையின் பெரும்பகுதி இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

லைசினிலிருந்து ஓர் ஊசி மருந்து

காயம் பட்டதும் குருதியில் பைபிரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னிக் கட்டியை உண்டாக்கும். கட்டி என்றென்றைக்கும் இருக்கக்கூடாது என்பதால் அதைக் கரைக்கும் ஏற்பாடும் உடலில் உண்டு. பிளாஸ்மினோஜன் என்ற புரதம் பைபிரின் இழையில் உள்ள லைசின் பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். பிறகு பிளாஸ்மின் என்ற நொதியமாக மாறி இழைகளை வெட்டத் தொடங்கும்.

கடுமையான காயத்தில் இந்தச் சமநிலை குழம்பிவிடலாம். குருதி உறையும் வேலை பின்தங்க, கரைக்கும் வேலை முந்திவிடுகிறது. கடுங்காயத்துடன் வைத்தியசாலைக்கு வருவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வரும்போதே குருதி உறைவதில் கோளாறு தொடங்கியிருக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கட்டு சரியாக இருந்தாலும் உள்ளே உண்டான கட்டி கரைந்துவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் ஆய்வாளரும் அவருடைய கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தனர். போரில் தோற்ற நாடு, எதற்கும் தட்டுப்பாடு. ஆய்வுக்குக் குருதியைத் தெரிவு செய்ததற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, வேறு வழியில்லாவிட்டால் தங்கள் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது. பிள்ளையைப் பார்க்க ஆளில்லாததால் உடாகோ குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். பிள்ளை பெற்றபின் குருதி போய் இறக்கும் தாய்மாரைக் காப்பாற்றும் மருந்து ஒன்று வேண்டும் என்பதே அவர் மனதில் இருந்தது.

பிளாஸ்மினோஜன் லைசினைப் பற்றுகிறது என்றால், லைசின் போன்ற வேறொன்றை அதன் கையில் கொடுத்துவிட்டால் என்ன? சாதாரண லைசினிடமே இந்தக் குணம் சிறிதளவு இருந்தது. லைசினிலுள்ள இரண்டு அமினோ கூட்டங்களில் ஒன்றை நீக்கியபோது கிடைத்த அமினோகப்ரோயிக் அமிலம் அதைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்தச் சங்கிலி கயிறுபோல அங்குமிங்கும் வளையக்கூடியது. இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் நிலையாக இல்லை. அடுத்ததாக, நடுவில் ஆறு காபன்கள் கொண்ட வளையம் ஒன்றை வைத்து இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தினார்கள். சங்கிலி விறைப்பானது. முனைகள் சரியான தூரத்தில் நின்றன. ஆய்வுகூடச் சோதனையில் முன்னையதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வலிமை. அதுதான் ட்ரனெக்சமிக் அமிலம். 1962இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது.

அது குருதியை உறைய வைப்பதில்லை. ஏற்கனவே உறைந்த கட்டி கரையாமல் தடுக்கிறது. பிளாஸ்மினோஜனின் கையில் போலி லைசின் இருப்பதால் அதனால் பைபிரினைப் பிடிக்க முடியாமல் போகிறது.

20,211 பேர்

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் நெடுங்காலம் அது அதிக மாதவிடாய்ப் போக்குக்கும், குருதி உறையாமை நோய் உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும்போதும், சில சத்திரசிகிச்சைகளிலும் மட்டுமே பயன்பட்டது. குண்டு, எறிகணை, வீதி விபத்து போன்றவற்றால் கடுங்காயம் அடைந்தவருக்கு உதவுமா என்பதைப் பெரிய அளவில் யாரும் சோதிக்கவில்லை.

அந்தச் சோதனையை லண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்தது. 40 நாடுகளின் 274 வைத்தியசாலைகளில் 20,211 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு மருந்து, மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத கரைசல். 2010 ஜூனில் முடிவு வெளியானது. மருந்தில்லாத பிரிவில் 16.0 வீதமானோர் இறந்தனர். மருந்து பெற்ற பிரிவில் 14.5 வீதம். அதாவது ஆயிரம் காயக்காரருக்கு 15 உயிர்கள் கூடுதலாக மிஞ்சின. ஆபத்தான குருதிக்கட்டிகள் அதனால் அதிகரிக்கவில்லை.

அடுத்த வருடம் வெளியான மேலதிக ஆய்வில் நேரத்தின் முக்கியத்துவம் தெளிவானது. காயம்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற்றப்பட்டவர்களில், குருதிப்பெருக்கால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட மணித்தியாலங்களில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு கொடுத்தால் நன்மை இல்லை, தீமையே கூடியது. 2011இல் உலக சுகாதார ஸ்தாபனம் கடுங்காயத்துக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

உடாகோ முதலில் நினைத்த தாய்மாருக்கான ஆய்வு பின்னர் நடந்தது. 21 நாடுகளில் 20,060 பெண்கள். 2017 ஏப்ரலில் முடிவு வந்தது. பிரசவத்தின் பின்னான குருதிப்பெருக்கில் மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால், குருதி போய் இறப்பது 1.7 வீதத்திலிருந்து 1.2 வீதமாகக் குறைந்தது. உடாகோ அதற்கு ஒரு வருடம் முன்னர், 2016 ஏப்ரலில், தனது 98ஆவது வயதில் காலமாகியிருந்தார்.

அம்மாவுக்குச் சொன்னது

மருந்து 1962இலிருந்து இருந்தது. காயத்துக்கு அது உதவும் என்ற சான்று 2010இல் வந்தது. அத்தான் இறந்தது 2009இல். இந்த மூன்று வருடங்களையும் முதன்முதலாக ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

அந்த ஊசி இருந்திருந்தால் அத்தான் பிழைத்திருப்பார் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. ஆயிரத்தில் 15 பேர் என்பது அதற்கு வெளியே இருப்பவர்களும் உண்டு என்பதையே காட்டுகிறது. தொடையின் பெரிய நாடி அறுந்திருந்தால் சத்திரசிகிச்சையும் ஏற்றுவதற்குக் குருதியும் வேண்டும். அந்த இரவில் எங்களிடம் சேலைத் துணியும் இரண்டு கைகளும்தான் இருந்தன. நான் சொன்னது இதுதான்: "அம்மா, நீங்கள் கட்டினது சரி. அதாலதான் முதல் ரத்தம் நிண்டது. காயம் பெரிசெண்டால் நிண்ட ரத்தமும் உள்ளுக்க கரைஞ்சு திரும்ப வரும். அது கட்டின ஆளின்ர பிழையில்லை. ஆழத்தில நாடி அறுந்தால் துணிக் கட்டு மட்டும் காணாது. அந்த நேரம் உலகத்தில பெரிய ஆஸ்பத்திரியளிலயும் இந்த ஊசி காயத்துக்கு வழமையான வைத்தியமா இருக்கேல்லை."

அம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "இப்ப இருக்கோ?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன்.

இல்லாத கால் ஏன் நோகிறது?

இனி அந்த அண்ணையின் கேள்விக்கு வருகிறேன்.

கால் போனாலும் அந்தக் காலிலிருந்து வந்த நரம்பு போவதில்லை. அறுபட்ட முனையில் அது முடிச்சுப்போலத் தடித்து, தானாகவே சமிக்ஞைகளை அனுப்பத் தொடங்கலாம். முண்ணாணில் அந்தச் சமிக்ஞைகள் பெருக்கப்படுகின்றன. மூளையில் காலுக்கென்று ஒதுக்கிய இடம் அப்படியே இருப்பதால், வரும் செய்தியை மூளை "கால் நோகிறது" என்றே வாசிக்கிறது. இது கற்பனையும் அல்ல, மனநோயும் அல்ல. வீட்டில் சிரிப்பவர்கள் இதை அறிந்துகொள்ளவேண்டும். உடலுக்குள் எறிகணைச் சிதறல்கள் தங்கி நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், முண்ணாண் காயம் அடைந்தவர்களுக்கும் வரும் எரிவு, மின்சாரம் அடிப்பது போன்ற குத்து ஆகியனவும் இதே வகையைச் சேர்ந்த நரம்பு வலிகளே. சாதாரண பரசிற்றமோல் இவற்றைப் பெரிதாகத் தொடுவதில்லை.

மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற சிறிய அமினோ அமிலம் உண்டு. வலிப்பு நோயாளருக்கு அதைக் கொடுத்தால் நல்லதல்லவா என்று விஞ்ஞானிகள் நினைத்தனர். ஆனால் வெளியிலிருந்து கொடுக்கும் காபா குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவதில்லை. ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் இயங்கிய மருந்து நிறுவனமொன்றின் இரசாயனவியலாளர்கள் காபாவின் நடுவில் ஆறு காபன் வளையம் ஒன்றைச் சேர்த்தனர். அது கபாபென்டின். தடுப்பைத் தாண்டியது. வலிப்பையும் குறைத்தது. 1993இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அனுமதி கிடைத்தது.

அது காபாவைப்போல வேலை செய்யவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. காபாவின் வாங்கிகளை அது தொடவே இல்லை. நரம்பு முனையில் உள்ள கல்சியம் வாயிலின் ஒரு துணைப்பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. நரம்பு காயப்பட்டால் அந்தப் பகுதி அளவுக்கு மீறிப் பெருகும். மருந்து ஒட்டியதும் வாயில் வழியாகக் கல்சியம் புகுவது குறையும். வலியை அடுத்த நரம்புக்குக் கடத்தும் பொருட்களின் சுரப்பும் குறையும். ஒன்றை நினைத்து வடிவமைத்தார்கள், அது வேறொன்றாகப் பயன்பட்டது. மருந்துத் துறையில் இப்படி நடப்பது அரிதல்ல.

அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மனின் ஆய்வுகூடம் ஆக்கிய பிரிகாபலினும் இதே குடும்பம்தான். அதில் வளையத்துக்குப் பதிலாகக் கிளைவிட்ட சிறு காபன் சங்கிலி ஒன்று இருக்கிறது. அதன் இரு ஆடி விம்ப வடிவங்களில் ஒன்றுதான் மருந்தாகிறது. அமினோ அமிலத்தைப் போலத் தோற்றமளிப்பதால், உணவின் அமினோ அமிலங்களை உள்ளே எடுத்துச் செல்லும் காவிகளே இதையும் சுமந்து செல்கின்றன. 2004இல் நரம்பு வலிக்கும், 2012இல் முண்ணாண் காயத்தால் வரும் நரம்பு வலிக்கும் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

எனக்கு வியப்பாக இருக்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். ட்ரனெக்சமிக் அமிலத்தில் 8 காபன், 15 ஐதரசன், 1 நைதரசன், 2 ஒட்சிசன் அணுக்கள். கபாபென்டினில் 9 காபன், 17 ஐதரசன், 1 நைதரசன், 2 ஒட்சிசன் அணுக்கள். வித்தியாசம் ஒரு காபனும் இரண்டு ஐதரசனும், அவை கோர்க்கப்பட்ட விதமும். அந்த அளவு மாற்றத்தில் ஒன்று குருதிப்பெருக்கைக் குறைக்கிறது, மற்றது நரம்பு வலியைக் குறைக்கிறது.

இவை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. அக்கி வந்துபோன பின் வரும் நரம்பு வலி, நீரிழிவு நரம்பு வலி ஆகியவற்றில் கபாபென்டின் எடுத்த பத்துப் பேரில் மூன்று, நான்கு பேருக்கு வலி பாதியாகவாவது குறைந்தது. மருந்தற்ற குளிசை எடுத்தவர்களில் பத்துக்கு ஒருவர், இருவர். உறுப்பிழந்தோரின் வலி பற்றிய ஆய்வுகள் சிறியவை, ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. எனவே குளிசை போட்டும் குறையவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல. வைத்தியரிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். வேறு மருந்துகளும், கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. இருக்கும் காலின் விம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைத்து, இழந்த காலும் அசைவதாக மூளையை நம்பவைக்கும் அந்த முறையை உலகறியச் செய்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். இராமச்சந்திரன்.

மணிகள் கோர்த்த மருந்துகள்

தனி அமினோ அமிலத்தை மாற்றுவது ஒரு வழி. அமினோ அமிலங்களைக் கோர்த்துப் பெப்ரைட்டு ஆக்குவது இன்னொரு வழி.

கருப்பையைச் சுருங்கச் செய்து பிரசவக் குருதிப்பெருக்கைத் தடுக்கும் ஒட்சிரோசின் 9 அமினோ அமிலங்களால் ஆனது. 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வுகூடத்தில் ஆக்கிக்காட்டினார். செயற்கையாக ஆக்கப்பட்ட முதலாவது பெப்ரைட்டு ஓமோன் அதுவே. 1955இல் அவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நாளில் ஒவ்வொரு மணியையும் கோர்த்தபின் பொருளைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். 1963இல் புரூஸ் மெரிபீல்ட் ஒரு வழி கண்டார். முதல் மணியைச் சிறு பிளாஸ்ரிக் குருணையில் ஒட்டிவிட்டு, அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். மிச்சத்தைக் கழுவி ஊற்றிவிடலாம். இறுதியில் குருணையிலிருந்து வெட்டி எடுத்தால் மாலை தயார். 1984இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் பெப்ரைட்டு மருந்துகள் பலவற்றை ஆக்குவது இதே அடிப்படையில்தான்.

பெப்ரைட்டுகளுக்கு இரண்டு பலவீனங்கள். வாயால் எடுத்தால் வயிறும் குடலும் உணவென்று நினைத்துச் செரித்துவிடும். ஊசியால் ஏற்றினாலும் நொதியங்கள் சில நிமிடங்களில் வெட்டிவிடும். இன்சுலினை இன்னும் ஊசியால்தான் ஏற்றுகிறோம் என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இதைத் தாண்டிய ஒரு நல்ல உதாரணம் பாம்பு விஷத்திலிருந்து வந்தது. பிரேசிலின் ஜரராக்கா விரியன் கடித்தால் குருதியமுக்கம் சரிந்துவிடும். 1960களில் சேர்ஜியோ பெரெய்ரா அந்த விஷத்திலிருந்த பெப்ரைட்டுகளை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்று குருதியமுக்கத்தைக் குறைத்தது, ஆனால் ஊசியால் மட்டுமே கொடுக்கலாம். அமெரிக்காவில் மிகுவேல் ஒண்டெட்டி, டேவிட் குஷ்மன் ஆகியோர் அந்த மாலையின் கடைசி மணியான புரோலினை மட்டும் எடுத்துக்கொண்டனர். இலக்கான நொதியத்தின் நடுவில் ஒரு நாகம் அணு இருந்தது. அதை இறுகப் பற்றுவதற்குக் கந்தக அணு ஒன்றைப் புரோலினின் மறுமுனைப் பக்கம் பொருத்தினர். அதுதான் கப்ரோபிரில். 1981இல் குளிசையாக வந்தது. இன்று "பிரசர்க் குளிசை" என்று எங்கள் முதியோர் எடுக்கும் எனலபிரில் அதற்குத் தம்பி.

மின்சாரம் இல்லாத இடத்துக்கு ஓர் ஊசி

ஒட்சிரோசினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்கவேண்டும். வெயிலில் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும். மின்சாரமும் பனிக்கட்டியும் இல்லாத காலத்தில், தறப்பாளுக்குக் கீழே பிள்ளை பெற்ற எங்கள் பெண்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

கார்பெட்டோசின் என்பது ஒட்சிரோசினின் செயற்கை உடன்பிறப்பு. ஒட்சிரோசினை வளையமாக்கி வைத்திருப்பது இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. அது இலகுவில் உடையும். கார்பெட்டோசினில் அந்தக் கந்தகங்களில் ஒன்றுக்குப் பதிலாகக் காபன் வைக்கப்பட்டது. தொடக்கத்திலுள்ள அமினோ கூட்டமும் நீக்கப்பட்டது. இதனால் அது உடலில் அதிக நேரம் நிலைக்கிறது. பின்னர் கரைசலில் சேர்க்கும் துணைப்பொருட்களையும் மாற்றி, 30 பாகை வெப்பத்திலும் மூன்று வருடங்கள் கெடாத வடிவம் தயாரிக்கப்பட்டது. 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. பிரசவத்தின் பின்னான குருதிப்பெருக்கைத் தடுப்பதில் அது ஒட்சிரோசினுக்குக் குறைந்ததல்ல என்பது அதன் முடிவு. 2019இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றது.

போரோ வெள்ளமோ வந்து மின்சாரம் நின்றால் முதலில் பயனற்றுப் போவது குளிரில் வைக்கும் மருந்துகள்தான். எனவே மருந்தின் வலிமையைப் போலவே அது வெயிலைத் தாங்குமா என்பதும் வடிவமைப்பவர் கேட்கவேண்டிய கேள்வி.

கவனிக்க வேண்டியவை

பாமசியில் அடிக்கடி கேட்கப்படும் விடயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

விபத்தோ வெடிப்போ நடந்தால் காயத்தை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். எத்தனை மணிக்குக் காயம் ஏற்பட்டது என்பதை நினைவில் வைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள். மூன்று மணித்தியாலக் கணக்கு அதில் தங்கியுள்ளது. ட்ரனெக்சமிக் அமிலக் குளிசையை நீங்களாக வாங்கிப் போடவேண்டாம். முன்னர் காலிலோ நுரையீரலிலோ குருதி கட்டியவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

கபாபென்டின், பிரிகாபலின் எடுப்பவர்கள் அவற்றைத் திடீரென நிறுத்தக்கூடாது. வலியும் பதற்றமும் கூடும், சிலருக்கு வலிப்பு வரலாம். வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைக்கவேண்டும். இவை சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. எங்கள் உலர்வலயத்தில் சிறுநீரக நோய் அதிகம் என்பதால், அந்த நோய் உள்ளவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும், அளவைக் குறைக்கவேண்டி வரும். மதுவுடனோ, மோர்பின் வகை வலி மருந்துகளுடனோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். பிரிகாபலினைப் போதைக்காக விற்பதும் வாங்குவதும் எங்கள் பகுதிகளிலும் நடக்கிறது. உங்கள் குளிசைகளை இளையவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள், யாருக்கும் கடனாகவும் கொடுக்கவேண்டாம்.

இன்சுலின் உறையக்கூடாது, சூடாகவும் கூடாது. பாவிக்கத் தொடங்கிய போத்தலைப் பொதுவாக நான்கு வாரங்கள் வரை குளிரான நிழலில் வைத்திருக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில், ஈரத்தால் குளிரும் மண்பானைக்குள் போத்தலை நனையாமல் வைப்பது உதவும்.

கடைகளில் விற்கும் அமினோ அமிலத் தூளும் இந்த மருந்துகளும் ஒன்றல்ல. லைசின் தின்றால் குருதிப்பெருக்கு நிற்காது. காயம் ஆறும், இளமை திரும்பும் என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் அனுமதியற்ற பெப்ரைட்டு ஊசிகளை வாங்கவே வேண்டாம்.

அடுத்த மாதம் அந்த அண்ணை வந்தபோது நான் அவருக்கு இப்படிச் சொன்னேன்: "அண்ணை, குளிசை காலுக்குமில்லை, மண்டைக்குமில்லை. காலுக்குப் போன நரம்புக்கு. அது இன்னும் உங்களிட்ட இருக்கு, அதாலதான் நோகுது." அவர் யோசித்துவிட்டு, "அப்ப அதை வீட்டில வந்து ஒருக்காச் சொல்லு பிள்ளை" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்து கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.